குணம் குலத்திலா, காவலிலா? கம்பம் பள்ளத்தாக்குப் பாளையங்கள் பற்றி ஓர் ஆய்வு

கற்பனை நாடுகளைப் படைக்கும் எழுத்தாளர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஒரு வம்சத்துக்கு ஓநாய்க் கொடியும் நேர்மையும், அடுத்த வம்சத்துக்குச் சிங்கக் கொடியும் சூழ்ச்சியும் என்று குணங்களைப் பங்கிட்டுக் கொடுத்துவிடலாம். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் 1996இல் தொடங்கிய நாவல் வரிசையும் அதிலிருந்து பிறந்த தொலைக்காட்சித் தொடரும் இந்த உத்தியை உலகெங்கும் கொண்டுபோயின. தமிழ் வாசகருக்கு இது புதிதல்ல. வாணர் குலத்து வீரம், பழுவேட்டரையர் பிடிவாதம் என்று கல்கி காலத்திலேயே பழகிவிட்டோம். அப்பன் குணம் பிள்ளைக்கும் பேரனுக்கும் தவறாமல் வந்து சேரும் என்பதைக் கதைக்குள் யாரும் தட்டிக் கேட்பதில்லை.

வரலாற்றில் கேட்டாக வேண்டும். ஒரு வம்சத்தின் குணம் என்று நாம் சொல்வது எங்கிருந்து வருகிறது? இரத்தத்திலிருந்தா, நிலத்திலிருந்தா, எழுதி வைத்தவர் கையிலிருந்தா? இதைச் சோதித்துப் பார்க்கக் கம்பம் பள்ளத்தாக்கு வாகான களம். மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலைகளும். நடுவே முல்லையாறும் சுருளியாறும் பாயும் ஒடுங்கிய நிலம். இதற்குள்ளும் இதன் விளிம்பிலுமாகப் பாண்டியர் செப்பேடு, நாயக்கர் காலப் பாளையங்கள், மலைக்கு அப்பால் போன ஓர் அரச குடும்பம், இன்றும் தலைப்பாகை கட்டும் ஒரு பழங்குடி மன்னர், பட்டம் ஏற்கும் ஒரு காளை என எல்லாமே கிடைக்கின்றன.

செப்பேட்டில் ஒரு குணப்பட்டியல்

இந்தப் பள்ளத்தாக்கில் கிடைத்த பழைய வம்சப் பட்டியல் சின்னமனூர்ச் செப்பேடுகளில் உள்ளது. அவற்றுள் பெரியது 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாண்டியன் இராசசிம்மன் வெளியிட்டது. அதன் வேலை ஒரு நிலக்கொடையைப் பதிவு செய்வது மட்டும்தான். ஆனால் கொடைக்கு வருமுன் பாண்டியர் யார் என்பதை அது விரிவாகச் சொல்கிறது. சந்திர குலத்தவர், அகத்தியரைக் குலகுருவாகக் கொண்டவர், இமயத்தில் கயல் பொறித்தவர், மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியவர், மதுரையில் சங்கம் வைத்தவர். அதன்பின் பெயர் பெயராக அரசர்களும் அவர்கள் வென்ற போர்களும் வருகின்றன.

இதை வாசிக்கும்போது ஒரு செய்தியை மறக்கக் கூடாது. பட்டியலை எழுதுவித்த இதே இராசசிம்மன் சோழன் முதலாம் பராந்தகனிடம் தோற்று, முடியோடு ஈழத்துக்குப் போனான். முடியை அங்கேயே விட்டுவிட்டான். பராந்தகன் 'மதுரை கொண்டான்' ஆனான். ஆக, அழியாப் பெருமைகளின் நீண்ட பட்டியல் வெளிவந்தது அந்த ஆட்சி அழியவிருந்த தறுவாயில். இதை விதி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பிற்காலப் பாளையங்களின் கதைகளிலும் இதே போக்கைக் காண்கிறோம். கையில் அதிகாரம் உறுதியாக இருப்பவர் தம் குணத்தை விளக்கிக்கொண்டிருப்பதில்லை. பிடி தளரும்போது பட்டியல் நீளுகிறது.

எழுபத்திரண்டில் சில

மதுரையில் விசுவநாத நாயக்கர் (1529–1564) ஆட்சியை நிலைநிறுத்தியபோது, தளவாய் அரியநாத முதலியாரின் துணையோடு நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தார் என்பதும், மதுரைக் கோட்டையின் 72 கொத்தளங்களுக்கும் பாளையத்துக்கு ஒன்றாகக் காவல் ஒப்படைக்கப்பட்டது என்பதும் மரபாகச் சொல்லப்படுபவை. 72 எது எது என்பதில் பட்டியலுக்குப் பட்டியல் வேறுபாடு உண்டு. அமைப்பின் அடிப்படை மட்டும் தெளிவானது. வரும் வருவாயில் ஒரு பங்கு மதுரைக்கு, ஒரு பங்கு படைக்கு, மீதி பாளையக்காரருக்கு. அதற்குப் பதிலாக அவர் கூப்பிட்ட நேரத்தில் ஆள் கட்டிப் போருக்கு வர வேண்டும். தம் எல்லைக்குள் களவு நடக்காமல் காக்க வேண்டும். ஊர்கள் அதற்குக் காவல் வரி கொடுத்தன.

இன்றைய தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூர், கண்டமனூர், எரசக்கநாயக்கனூர், தேவாரம், கம்பம், கூடலூர், பெரியகுளத்தையொட்டிய வடகரை ஆகியவை இந்த அமைப்போடு பெயர் சேர்ந்த ஊர்கள். கண்டமனூரின் முழுப்பெயரே கண்டமநாயக்கனூர். போடி, கண்டமனூர், எரசக்கநாயக்கனூர் ஆகிய மூன்றையும் ஆண்டவர்கள் தெலுங்கு பேசும் இராஜகம்பளத்தார். பக்கம் பக்கமாக இருந்த ஊர்கள், ஒரே சமூகம், ஒரே தெய்வ வழிபாடு, ஒருவருக்கொருவர் கொள்வினை கொடுப்பினை செய்துகொள்ளக் கூடியவர்கள். இரத்தம்தான் குணத்தைத் தீர்மானிக்கும் என்றால் இம்மூன்றும் ஒன்றுபோல் இருந்திருக்க வேண்டும். ஊரார் நினைவில் அவை அப்படி இல்லை.

வம்சாவளி என்னும் வார்ப்பு

பாளையக்காரர்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொன்ன கதைகள் நமக்குக் கிடைத்ததற்கு முக்கியக் காரணம் காலின் மெக்கன்சி (1754–1821). கிழக்கிந்தியக் கம்பெனியின் நில அளவை அதிகாரியான இவர் தென்னாட்டுப் பாளையங்கள் பலவற்றின் வம்சாவளிகளையும் கைபீதுகள் எனப்படும் வரலாற்றுக் குறிப்புகளையும் எழுதி வாங்கிச் சேர்த்தார். அவற்றை அடுத்தடுத்து வாசிப்பவருக்கு ஒரே கதையைப் பெயர் மாற்றிச் சொல்வதுபோல் தோன்றும். மூதாதை வடக்கிலிருந்து வருகிறார். தங்கள் பெண்ணைக் கேட்டு வந்த வேற்று அரசனுக்குக் கொடுக்க மனமில்லாமல் குடும்பத்தோடு கிளம்புகிறார். வழியில் ஆறு கரைபுரண்டு ஓடுகிறது. புங்கமரம் வளைந்து பாலமாகிறது. தெற்கே வந்து ஓர் அரசன் முன்னிலையில் புலியையோ பன்றியையோ அடங்காத மல்லனையோ வெல்கிறார். அரசன் மகிழ்ந்து பல்லக்கு, குடை, கொடி, பட்டப்பெயர், கொஞ்சம் காடு கொடுக்கிறான். காட்டை வெட்டி ஊராக்கி, குளம் வெட்டி, கோயில் கட்டுகிறார்.

போடி வம்சத்தார் தம் மூதாதை இன்றைய ஆந்திரத்தின் குத்தியிலிருந்து வந்தவர் என்றனர். வடகரையார் தம் வழியை மதுரை நாயக்கருக்கு நெருங்கியவரான இராமபத்திர நாயக்கரிடமிருந்து தொடங்கினர். பெயர்கள் வேறு, படிகள் ஒன்றே. புதுக்கோட்டையை மையமாக வைத்து நிக்கலஸ் டர்க்ஸ் 1987இல் வெளியிட்ட ஆய்வு, இக்கதைகளைப் பொய் என்று தள்ளாமல், அரசனுக்கும் தலைவனுக்கும் இருந்த உறவின் இலக்கணமாக வாசித்தது. வீரச்செயல், அதற்குப் பரிசு, பரிசினால் வந்த உரிமை: உரிமை எப்படிக் கிடைத்தது என்பதற்கு அன்றைய சமூகம் ஏற்ற சான்று அந்த வரிசைதான்.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மெக்கன்சியின் ஆட்கள் இவற்றைக் கேட்டு வாங்கிய காலம், எந்தப் பாளையத்தை யாரிடம் விடுவது, எதைப் பறிப்பது என்று கம்பெனி கணக்குப் போட்டுக்கொண்டிருந்த காலத்தை ஒட்டியது. பழைமையும் விசுவாசமும் வீரமும் நிரூபிக்கப்பட வேண்டியவை ஆயின. அந்த அளவில் வம்சாவளி ஓர் உரிமை மனு. எல்லா மனுக்களிலும் விண்ணப்பதாரர் நல்லவராகத்தான் இருப்பார். எனவே எல்லா வம்சத்துக்கும் பொதுவாக எழுதப்பட்ட வீரத்தையும் கொடையையும் ஒரு வம்சத்தின் தனிக் குணமாக எடுத்துக்கொள்ள இடமில்லை.

மெட்டும் காடும்

அப்படியானால் வேறுபாடு எங்கே பிறந்தது? பாளையங்கள் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தால் பாதி விடை கிடைக்கும்.

இங்கே மலையேறும் வழியை மெட்டு என்பார்கள். போடிமெட்டு, கம்பம்மெட்டு, தேவாரத்துக்கு மேலே சாக்கலூத்துமெட்டு, கூடலூரிலிருந்து குமுளி ஏறும் பாதை. ஏலம், மிளகு, தேன், மலைச்சரக்கு கீழே இறங்குவதும் அரிசியும் உப்பும் துணியும் மேலே ஏறுவதும் இவற்றின் வழியாகத்தான். போடி அரண்மனை மெட்டின் வாசலில் இருந்தது. வாசலில் இருப்பவருக்குச் சண்டையைவிடப் போக்குவரத்து முக்கியம். வழி அடைபட்டால் வருமானம் அடைபடும். பின்னாளில் மூணாற்றுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குக் கம்பிவடத்தில் இறங்கியதும், 1928இல் மதுரையிலிருந்து ரயில் பாதை போடியில் வந்து முடிந்ததும், இன்றும் ஏலக்காய் ஏலம் போடியில் நடப்பதும் அந்த வாசலின் தொடர்ச்சி. சுவரில் இராமாயணக் காட்சிகள் தீட்டிய அரண்மனை அந்தச் செழிப்பில் எழுந்தது. கணவருக்குப் பின் ஜமீனை ஏற்ற ஜமீன்தாரிணி காமுலம்மாள் பெயரில் இன்றும் போடியில் ஒரு மேல்நிலைப்பள்ளி உண்டு. போடியின் குணமாக ஊரார் சொல்லும் நிதானமும் காரியக் கண்ணும் ஒரு வணிக வழியின் காவலருக்கு அமைய வேண்டிய குணங்கள்தாம்.

கண்டமனூரின் கதை வேறு. அதன் சொத்து வருசநாட்டுக் காடு: வைகை பிறக்கும் மலைகள், பளியர் தேனெடுத்த பாறைகள், மேய்ச்சல் பட்டிகள், வெட்டுமரம். காட்டை உடையவருக்கு வேட்டையும் விருந்தும் அன்றாடம். காட்டுக்குள் நடப்பதைக் கேட்க வேறு ஆள் இல்லை. அதனால் கண்டமனூரைப் பற்றிய வாய்மொழிக் கதைகளில் மிகையும் போகமும் தூக்கலாக இருக்கின்றன. வடவீர பொன்னையா எழுதிய 'வருச நாட்டு ஜமீன் கதை' பெரும் வாசகர் கூட்டத்தைப் பெற்றதற்கு இந்தச் சுவை ஒரு காரணம். ஆனால் வேட்டையும் விருந்தும் நடத்தக் காடு இல்லாமல் போயிருந்தால் அந்தக் குடும்பத்தின் 'இயல்பு' வேறாகப் பதிவாகியிருக்கும். ஜமீன் ஒழிப்பு நெருங்கியபோது மாகாணமெங்கும் தனியார் காடுகள் அவசர அவசரமாக வெட்டப்பட்டன. அதைத் தடுக்க 1949இல் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. மேகமலை 2009இல் வனவிலங்குச் சரணாலயமாகவும், 2021இல் திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாகவும் ஆனது. ஜமீன் காவலிலிருந்து அரசுக் காவலுக்குக் காடு கைமாறிய கதையில், மலையடிவாரத்தில் தலைமுறையாக உழுதவர்களின் நில உரிமை இன்னும் தீராத வழக்கு.

கம்பமும் கூடலூரும் எல்லைப் பாளையங்கள். இரண்டு பக்கத்து ஆட்சிகளுக்கும் நடுவில் இருந்ததால் இரண்டு பக்கத்து அழுத்தமும் அவற்றின் மீது விழுந்தது. 19ஆம் நூற்றாண்டின் ஜமீன் பட்டியலில் அவை இல்லை. அதனால் போடிக்குப் போலவோ கண்டமனூருக்குப் போலவோ விரிவான குணக்கதைகளும் அவற்றுக்கு இல்லை.

மலைக்கு அப்பால் இரண்டு அரண்மனைகள்

பள்ளத்தாக்கின் வம்சக் கணக்கு தமிழ்நாட்டு எல்லையோடு முடிவதில்லை. கோட்டயம் மாவட்டத்துப் பூஞ்ஞார் அரச குடும்பம் தன்னைப் பாண்டியர் கிளை என்கிறது. மதுரையிலிருந்து கம்பம், கூடலூர் வழியாக மலையேறி வந்ததாகவும் மீனாட்சியைக் கூடவே கொண்டுவந்ததாகவும் அதன் மரபு. அந்தக் குடும்பத்தின் கேரள வர்மா 1877இல் கண்ணன் தேவன் மலைகளைப் பாட்டத்துக்கு எழுதிக் கொடுத்தார். வாங்கியவர் ஜான் டேனியல் மன்றோ. மூணாற்றுத் தேயிலையின் தொடக்கம் அந்தப் பத்திரம். போரில் வாளோடு நினைக்கப்படுவதைவிட ஒரு கையெழுத்தால் நினைக்கப்படும் அரச குடும்பம் அது.

இடுக்கியின் கோவில்மலையில் மன்னான் பழங்குடியினருக்கு இன்றும் ஒரு ராஜமன்னான் இருக்கிறார். மன்னான்களும் தங்கள் வேரை மதுரையில்தான் வைக்கிறார்கள். அவர்களுடைய கூத்தில் கோவலன் கண்ணகி கதை ஆடப்படுகிறது. பட்டம் தாய்வழியில் போகிறது. மன்னரின் மகன் மன்னராவதில்லை. சகோதரியின் வழியில் வருபவருக்கே முறை. அப்பன் குணம் பிள்ளைக்கு வரும் என்ற நம் வழக்கமான வம்சக் கணக்கு இங்கே செல்லாது. ஆயினும் அரச மரபும் மரியாதையும் சடங்கும் தலைமுறை தாண்டி நிற்கின்றன. குணத்தைக் கடத்துவது பிறப்பைவிடப் பதவி என்பதற்கு இதைவிட நேரடியான சான்று தேவையில்லை.

பட்டத்துக் காளை

கம்பத்தில் இன்னொரு வம்சம் உண்டு, அது மாடுகளுடையது. கன்னடம் பேசும் காப்பிலியர் சமூகத்தார் பேணும் தம்பிரான் மாட்டுத் தொழுவில் மந்தை தெய்வத்துக்கு உரியது. அதன் தலைவன் பட்டத்துக் காளை. தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுதிகளில் இதைப் பற்றிய குறிப்பு வருகிறது. பட்டத்துக் காளை இறந்தால் மந்தையைக் கூட்டி, பூசை செய்து, கரும்பை முன்னே வைப்பார்கள். எது முதலில் வந்து கரும்பைத் தின்கிறதோ அதற்கே பட்டம். முந்தைய காளையின் கன்று என்பது தகுதியே ஆகாது. மாட்டுப் பொங்கலன்று சுற்றுப்பட்டு ஊர்ச் சனம் இன்றும் தொழுவுக்கு வந்து கும்பிட்டுப் போகிறது. வாரிசுச் சண்டையில் அழிந்த அரண்மனைகளை எண்ணிப் பார்த்தால், இந்த மந்தையின் முறை எவ்வளவு யோசித்து வைத்தது என்பது புரியும்.

காவல் போனபின் எஞ்சியது

1792இல் இந்தப் பாளையங்களை உள்ளடக்கிய திண்டுக்கல் சீமை திப்புவிடமிருந்து கம்பெனிக்கு வந்தது. 1801இல் கம்பெனியை எதிர்த்த பாளையக்காரர் விருப்பாச்சி கோபால நாயக்கர் தூக்கிலிடப்பட்டார். அதே ஆண்டு டிசம்பரில் தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பது தடை செய்யப்பட்டது. 1802இன் நிரந்தரத் தீர்வை எஞ்சிய பாளையக்காரர்களை ஜமீன்தார்கள் ஆக்கியது. படையும் காவலும் அவர்கள் கையைவிட்டுப் போயின. தண்டல் மட்டும் மிஞ்சியது.

இந்த மாற்றமே ஜமீன் குணங்கள் என்று நாம் இன்று நினைப்பவற்றின் பிறப்பிடம். போரில் காட்ட முடியாத வீரத்தை வேட்டையில் காட்ட வேண்டியதாயிற்று. அரசனிடம் பெற முடியாத விருதைக் கோயில் திருவிழாவில் பரிவட்டமாகவும் முதல் மரியாதையாகவும் பெற வேண்டியதாயிற்று. எல்லைச் சண்டை வழக்கு மன்றத்துக்குப் போயிற்று. புலவருக்குப் பொன், விருந்தினருக்கு விருந்து, வக்கீலுக்குப் பணம் என்று செலவு மூன்று வழியில் போனது. முதலிரண்டைத் தயாளம் என்றும் மூன்றாவதை ஊதாரித்தனம் என்றும் ஊர் பெயரிட்டது. 1904இன் பிரிபடாச் சொத்துச் சட்டம், மூத்தவருக்கே ஜமீன், மற்றவர்க்குச் சீவனாம்சம் என்ற வழக்கத்துக்குச் சட்டப் பாதுகாப்புக் கொடுத்தது. 'ஜமீன் வீட்டுச் சண்டை' என்று கதைகளில் வரும் பங்காளிப் பகைக்கு அந்த ஏற்பாட்டிலேயே விதை இருந்தது. 1948இன் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் தண்டலையும் எடுத்துக்கொண்டது. அதன்பின் மிஞ்சியது பெயர், கோயில் மரியாதை, இடிந்தும் இடியாமலும் நிற்கும் சுவர்கள்.

எதிர்ப்பக்கம் ஒரு நியாயம் உண்டு. அதையும் சொல்ல வேண்டும். ஒரு குடும்பத்தில் பிறந்த குழந்தை சிறுவயதிலேயே குதிரையும் கணக்கும் சபை நடத்தும் முறையும் பழகினால், அந்தப் பழக்கம் தலைமுறைக்குத் தலைமுறை தொடரத்தான் செய்யும். இராஜகம்பளத்தார் தேவராட்டத்தின் அடவுகளைத் தேவதுந்துபியின் கதிக்கு ஏற்பக் காத்து வந்ததும் அப்படித்தான். பரம்பரையாக வரும் பழக்கம் உண்மை. ஆனால் பழக்கத்தைப் பழக்கியவர்கள் இருக்கிறார்கள், அதற்குச் செலவு செய்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களை எடுத்துவிட்டால் பழக்கம் ஒரே தலைமுறையில் போய்விடும்.

செலவு செய்தவர் யார்?

வம்சக் கதைகளில் வராதவர்கள் இவர்கள்தாம். காவல் வரி கொடுத்த ஊர்கள், மெட்டில் சுமை ஏற்றிய கூலிகள், வேட்டைக்குக் காடு கலைத்த பளியர், குளம் வெட்டியவர்கள். இதே மதுரைச் சீமையில் காவலைத் தொழிலாகக் கொண்ட பிரமலைக் கள்ளர்களுக்கு நாயக்கர் காலத்தில் உரிமையாகவும் மரியாதையாகவும் இருந்தது, கம்பெனி போலீஸ் வந்தபின் குற்றமாயிற்று. குற்றப்பரம்பரைச் சட்டத்தின் கைரேகைப் பதிவை எதிர்த்தவர்கள் 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' (2008) இந்தக் காவல் மரபின் நீண்ட கதையைச் சொல்கிறது. ஒரே வேலை, ஓர் ஆட்சியில் அது குலப்பெருமை, அடுத்த ஆட்சியில் அது பிறவிக்குற்றம். மாறியது ஆட்சியின் தேவை. மக்கள் அப்படியேதான் இருந்தார்கள். குணத்தைப் பிறப்போடு கட்டுவது எவ்வளவு ஆபத்தானது என்பதைக் காட்ட, குற்றப்பரம்பரை என்ற அந்த ஒரு சட்டம் போதும். உயர்குடிக்குப் பிறவிக்குணம் உண்டு என்று ஒப்புக்கொள்பவர், பிறவிக்குற்றம் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள நேரிடும்.

இன்று 'ஆண்ட பரம்பரை' என்ற முழக்கம் சுவரொட்டிகளிலும் கைபேசித் திரைகளிலும் ஓடுகிறது. அதை எழுப்பும் பலர், தாங்கள் கையாள்வது பழைய வம்சாவளியின் வார்ப்புதான் என்று அறியாமலேயே அதே படிகளை அடுக்குகிறார்கள்: வெளியிலிருந்து வந்த பகை, தனித்து நின்ற மூதாதை, அரசன் கொடுத்த பட்டம். அந்தப் படிவத்தை எந்தச் சமூகமும் நிரப்பிவிடலாம், நிரப்பியும் இருக்கிறது. எனவே அது யாரையும் யாரிடமிருந்தும் உயர்த்திக் காட்டாது.

பள்ளத்தாக்குக்கும் புதிய வம்சாவளி ஒன்று உண்டு. 1886இல் குத்தகை எழுதி, 1895இல் திறந்த முல்லைப் பெரியாறு அணையின் பொறியாளர் ஜான் பென்னிகுயிக் இப்போது இங்கே குலதெய்வம்போல் போற்றப்படுகிறார். அவருடைய பிறந்தநாளான ஜனவரி 15 அன்று பொங்கல் வைக்கிறார்கள். லோயர் கேம்ப்பில் 2013இல் மணிமண்டபம் திறக்கப்பட்டது. பிள்ளைகளுக்கு அவர் பெயர் வைக்கிறார்கள். அணையைக் கட்டிய பணம் சென்னை மாகாண அரசுடையது. இருந்தும் அவர் தம் சொத்தை விற்று அணையை முடித்தார் என்றே ஊர் சொல்கிறது. வேற்றூரிலிருந்து வந்தவர், வெள்ளத்தோடும் காட்டோடும் போராடியவர், தமக்கென்று வைத்துக்கொள்ளாதவர்: பாளையக்காரர் கதையின் படிகள் ஏறக்குறைய அத்தனையும் இதில் இருக்கின்றன. ஒரே ஒரு படி மட்டும் இல்லை. பென்னிகுயிக் குலத்துக்கென்று ஒரு குணம் உண்டு என்று இங்கே யாரும் சொல்வதில்லை. அவருடைய வாரிசுகள் ஆண்ட பரம்பரை ஆகவில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் இருபோகம் விளைவதற்கான நன்றி, வேலை செய்தவரோடு நின்றுவிட்டது.

பழைய வம்சங்களையும் இந்த அளவுகோலால் அளக்கலாம். எதைக் காத்தார்கள், யார் செலவில் காத்தார்கள், காவல் போனபின் என்ன செய்தார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை சொல்லும் வம்சத்துக்கு வரலாற்றில் இடம் உண்டு. போடியின் மெட்டும், பூஞ்ஞாரின் பத்திரமும், கம்பத்துத் தொழுவும் அந்த விடைகளோடுதான் நினைவில் நிற்கின்றன. கற்பனை நாட்டை எழுத உட்காரும் இளம் எழுத்தாளருக்கும் இது பயன்படும். கொடியில் என்ன விலங்கு வரைவது என்று யோசிக்குமுன், அந்த வீட்டார் எந்த வழியை அடைத்து நிற்கிறார்கள், அவர்களுக்கு யார் சோறு போடுகிறார்கள் என்று முடிவு செய்துகொண்டால் குணம் தானாக வந்து சேரும்.